மூன்றரை வயதுப் பையன் சோற்றை அதக்கிக்கொண்டே இருக்கிறான்; எண்டோஸ்கோபி பார்த்தே ஆகணுமா?

கும்பகோணம் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு மூன்றரை வயது. ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. வாயில் வாங்கிக்கொள்வான், விழுங்கமாட்டான். வலது கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டு விளையாடுவான். அரை மணி கழித்து வாயைத் திறக்கச் சொன்னால் இட்லி அப்படியே இருக்கும். ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், கஞ்சி, கூழ் என்றால் இறங்குகிறது. தோசையின் முறுகலான ஓரம், சப்பாத்தி, கோழிக்கறி பக்கமே போகமாட்டான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் டம்ளரைத் தேடுவான். வாரத்தில் ஓரிரு நாள், ராத்திரி சாப்பிட்டது அத்தனையும் வாந்தியாக வந்துவிடும். காய்ச்சல் இருக்காது, வயிற்றுப்போக்கு இருக்காது. எடுத்து முடித்த கையோடு ஓடிப்போய் விளையாடுவான்.

எடை ஒரு வருஷமாக 12 கிலோவிலேயே நிற்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் இருந்தது. மார்கழி பிறந்தால் வீசிங், நெபுலைசர் வைப்போம்.

பார்க்காத வைத்தியம் இல்லை. மாமியார் ஊரில் ஒருவர் தொக்கம் எடுத்தார். வாயருகே ஊதிவிட்டு ஒரு சோற்றுப் பருக்கையை உள்ளங்கையில் வைத்து, "இதோ, இதுதான் சிக்கிக் கிடந்தது" என்று காட்டினார். அன்று ராத்திரியும் வாந்திதான். குடல் தட்டியாயிற்று, சுற்றிப்போட்டாயிற்று. எங்கள் டாக்டர் ஆசிட் குறைய சிரப் கொடுத்தார். கொஞ்சம் தேவலை போல இருந்தது, நிறுத்தியதும் பழைய கதை.

இப்போது திருச்சியில் குழந்தைகளுக்கான குடல், இரைப்பை டாக்டரைப் பார்த்தோம். உணவுக்குழாயில் அலர்ஜியால் வரும் அழற்சியாக இருக்கலாம், ஈசினோபிலிக் ஈசோபஜைட்டிஸ் என்று பெயர், எண்டோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்கிறார். "சதை எடுத்து" என்றதும் வீட்டில் எல்லாரும் கேன்சர் டெஸ்டா என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தத்தில் ஈசினோபில் (அலர்ஜியில் கூடுகிற ஒரு வகை வெள்ளை அணுவாம்) 4 சதவீதம்தான், நார்மல் என்று ரிப்போர்ட் இருக்கிறது. அப்புறம் எதற்கு? ரத்த டெஸ்ட்டோ, கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டோ போதாதா? இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கணுமா? யாராவது இந்த வழியில் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வைகை வாசகி எழுதியது:

பயப்படாதீங்கம்மா. ஈஸ்னோபீலியாதானே. என் தம்பிக்குச் சின்ன வயசில் இருந்தது, ராத்திரி முழுக்க இருமுவான். மூணு வாரம் மாத்திரை போட்டார்கள், போயே போச்சு. எண்டோஸ்கோபி எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பணம் பிடுங்கச் சொல்வது. ஓமத் தண்ணி கொடுத்துப் பாருங்க, பசி எடுக்கும்.

சிங்காநல்லூர் அப்பா எழுதியது:

வாசகி அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்கள் தம்பிக்கு வந்தது வேறு சமாச்சாரம். இந்தப் பிள்ளைக்கு இருமல் இல்லை, சோறு இறங்கவில்லை. இடமே வேறுங்க.

சகோதரி, நானும் இதே வழியில் போய் வந்தவன்தான். என் மகளுக்கு நாலு வயதில் இந்த நோய் என்று தெரிந்தது, இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அளவு பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. டாக்டர்களைக் கேள்வி கேட்டே படுத்திவிட்டேன். அதனால் கொஞ்சம் விஷயம் கையில் இருக்கிறது.

முதலில் உங்கள் ரத்த ரிப்போர்ட். ரத்தத்தில் ஈசினோபில் நார்மலாக இருப்பதற்கும் உணவுக்குழாயில் அது குவிந்து கிடப்பதற்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. என் மகளுக்கும் ரத்தத்தில் அதிகம் இல்லை. ரத்தம் ஓடுகிற பாதை, சதை இருக்கிற இடம். இடத்தில் போய் எண்ணினால்தான் கணக்கு. அந்தக் கணக்கு என்னவென்றால், உணவுக்குழாயின் உள்தோலில் ஈசினோபில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், தொந்தரவும் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால்தான் இந்த நோய் என்று சொல்வார்கள். 15 என்று எண்ணைச் சொன்ன பிறகுதான் எனக்கு டாக்டர் மேல் நம்பிக்கையே வந்தது.

குத்திப் பார்க்கும் டெஸ்ட்டைப் பற்றி. கடலை தின்றதும் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது என்கிற மாதிரி உடனடி அலர்ஜிக்கு அது உதவும். இது மெதுவாக, நாள்கணக்கில், வாரக்கணக்கில் உள்ளுக்குள் நடக்கிற வேலை. அந்த டெஸ்ட்டில் ஒன்றும் வராத பாலே கடைசியில் காரணமாக இருக்கலாம். பாசிட்டிவ் வந்த முட்டைக்கு இதில் பங்கே இல்லாமலும் போகலாம். அதைவிட மோசம், ரத்தத்தில் நூறு சாப்பாட்டுச் சாமானுக்கு அலர்ஜி பார்க்கிறோம் என்று ஒரு லேப் செய்து கொடுத்த காகிதம் (பெயர் வேண்டாம்). கத்தரிக்காய், பூண்டு, பாசிப்பருப்பு, முந்திரி என்று சிவப்பு மையில் வரிசையாக இருந்தது. குடல் டாக்டரிடம் நீட்டினேன். மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். அந்தப் பணத்துக்குப் பட்டறையில் அளவு பார்க்க ஒரு நல்ல டயல் காலிப்பர் வாங்கியிருப்பேன், அது கிடக்கட்டும்.

இதுதான் முக்கியம், தயவுசெய்து இதைக் கேளுங்கள்: எண்டோஸ்கோபி முடியும் வரை பாலையோ கோதுமையையோ நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். யாராவது சொல்வார்கள், "பாலை நிறுத்திப் பாரு" என்று. பால் காரணமாக இருந்து, நீங்கள் நிறுத்திய சில வாரத்தில் உள்ளே அழற்சி வடிந்துவிட்டால், எடுத்த சதையில் ஒன்றும் தெரியாது. டெஸ்ட் நார்மல் என்று வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், பிள்ளை மறுபடியும் அதக்குவான். கோதுமையால் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கான ரத்த டெஸ்ட்டுக்கும் இதே விதிதான், கோதுமை தின்றுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் உண்மை தெரியும்.

ஆசிட் குறைக்கும் மருந்தும் அப்படித்தான். லான்சோப்ரசோல், ஈசோமெப்ரசோல் வகை மருந்து சில பிள்ளைகளுக்கு இந்த நோயையே அடக்கிவிடுகிறது. முன்பெல்லாம் அந்த மருந்தை இரண்டு மாதம் கொடுத்து, கேட்காவிட்டால்தான் இந்த நோய் என்று ஒத்துக்கொள்வார்களாம். 2018இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது அது ஒரு சிகிச்சை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் பையன் எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்தினான் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வீசிங்குக்கு வாய்வழியாக ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, போனில் வீடியோ எடுங்கள். "சாப்பிடமாட்டேங்கிறான் டாக்டர்" என்று ஊரில் எல்லா அம்மாவும் சொல்கிறார்கள், அதனால் டாக்டருக்கு அது காதில் ஏறாது. என் மனைவி ஒரு சப்பாத்தித் துண்டு வாய்க்குள் போனதிலிருந்து முழு நேரமும் எடுத்தாள். மகள் மென்றாள், மென்றாள், தண்ணீர் குடித்தாள், கழுத்தை நீட்டி மேலே பார்த்து விழுங்க முயற்சி செய்தாள், கடைசியில் கையில் துப்பி டீப்பாய்க்கு அடியில் ஒட்டினாள். டாக்டர் அந்தக் கழுத்தை நீட்டுகிற இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அங்கேதான் பேச்சு "அடம்" என்பதிலிருந்து "உணவுக்குழாய்" என்று மாறியது.

எண்டோஸ்கோபி அன்று என்ன நடக்கும்? காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், தெளிந்த நீர் எப்போது வரை கொடுக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார். குழந்தை தூங்கிவிடும். குழாய் உள்ளே இருப்பது கொஞ்ச நேரம்தான், மயக்கம் தெளிவதற்குத்தான் அதிக நேரம். எடுக்கிற சதை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். உள்தோலில் கிள்ளுவது பிள்ளைக்கு வலிக்காது. தொண்டை ஒரு நாள் கரகரப்பாக இருந்தது, அவ்வளவுதான். வீசிங் உள்ள பிள்ளை என்பதை மயக்க டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். சளி, இருமல் இருந்தால் தள்ளிப்போடுவார்கள், அதற்குச் சண்டை போடாதீர்கள்.

சதை எடுப்பது கேன்சருக்கு மட்டும் என்று எங்கள் வீட்டிலும் அழுதார்கள். என் அம்மா கோனியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். இது கேன்சர் தேடும் வேலை இல்லை என்று பெரியவர்களிடம் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

என் மகளுக்குக் குழாய் விட்டுப் பார்த்தபோது திரையில் சுத்தமாக இருந்தது. டாக்டரே "கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எடுத்திருக்கிறேன்" என்றார். மச்சான் வெளியே நின்று "வீண் செலவு" என்றான். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. 40க்கு மேல்.

கும்பகோணம் அம்மா எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. டீப்பாய்க்கு அடியில் ஒட்டியதைப் படித்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவன் பூந்தொட்டியில் போடுவான்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சதையில் தெரியும் என்பது எப்படி? அப்போது எத்தனை துண்டு எடுக்கணும், எங்கே எடுக்கணும் என்று நாங்கள் டாக்டரிடம் கேட்கலாமா? தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

கண்ணாடித் தகடு எழுதியது:

நான் பேத்தாலஜிஸ்ட், எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். சென்னையில் வேலை. பிள்ளையைப் பார்க்காமல் அவனுக்கு இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் மைக்ராஸ்கோப் பக்கத்து விஷயத்தைச் சொல்லலாம்.

தாராளமாகக் கேளுங்கள். கேட்டால் நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியிலிருந்து இரண்டு முதல் நாலு, நடுவிலோ மேலேயோ இன்னும் இரண்டு முதல் நாலு, மொத்தம் குறைந்தது ஆறு இருந்தால் நிம்மதி. இரண்டு இடத்துத் துண்டுகளும் தனித்தனிப் புட்டியில், மேல், கீழ் என்று எழுதி வரவேண்டும். ஒரே புட்டியில் எல்லாவற்றையும் போட்டு அனுப்பினால் எது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரைப்பை, முன்சிறுகுடல் துண்டுகளும் எடுப்பது வழக்கம், வேறு குடல் நோய் ஏதும் இல்லையென்று உறுதி செய்ய.

இத்தனை துண்டு ஏன் என்றால், இந்த அழற்சி திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு துண்டில் 3 இருக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி எடுத்ததில் 60 இருக்கும். அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு துண்டை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது, ஐந்து துண்டு வைத்துப் பார்த்தபோது எல்லாரையும். எங்களுக்கு வருகிற ரிப்போர்ட் தாளில் "உணவுக்குழாய் பயாப்ஸி, 1" என்று இருந்தால் எனக்கு அன்றைய காபி கசக்கும்.

ஸ்லைடில் என்ன பார்க்கிறோம்? ஈயோசின் என்கிற சிவப்புச் சாயம் போட்டால் இந்த அணுவுக்குள் இருக்கும் மணிகள் பளீரென்று செம்பிங்க் நிறத்தில் பிடித்துக்கொள்ளும். 1879இல் பால் எர்லிக் இதை இப்படிச் சாயம் போட்டுக் கண்டுபிடித்தார், பெயரும் அதிலிருந்தே வந்தது. இரண்டு பிரிவாக உள்ள உட்கரு. 40 மடங்கு லென்ஸைத் திருப்பி, முழு ஸ்லைடையும் மேய்ந்து, எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அந்த வட்டத்தில் எண்ணுவோம். சராசரி எடுப்பதில்லை. ரிப்போர்ட்டில் "உச்ச எண்ணிக்கை" என்று எண்ணாகவே இருக்கவேண்டும். "ஈசினோபில் காணப்படுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால், எண் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடு லேபில் பத்திரமாக இருக்கும், மறுபடி பார்க்கலாம். எண்ணிக்கையோடு அடியடுக்கு தடித்திருக்கிறதா, ஈசினோபில்கள் மேல்பரப்பில் கூட்டமாக மொய்த்திருக்கின்றனவா, அடியில் நார்த்திசு சேர ஆரம்பித்திருக்கிறதா என்பதும் முக்கியம். நார் சேர்ந்தால் குழாய் விறைப்பாகும், வருஷம் போகப் போகச் சுருங்கும். சின்ன வயதில் பிடித்துவிடவேண்டும் என்று அவசரப்படுவது அதற்காகத்தான்.

குழாய் விட்டுப் பார்க்கிற டாக்டர் கண்ணுக்கு, நோய் இருந்தால் நீளவாக்கில் உழவுச் சால்கள் போலக் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள், வீங்கி வெளுத்த உள்தோல் என்று தெரியலாம். நாள்பட்டவர்களுக்கு வளையங்கள் தெரியும். சின்னப் பிள்ளைகளில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக் காளான் தொற்று என்று நினைத்து, சதை எடுக்காமல் மருந்து மட்டும் எழுதிவிடுவதும் நடக்கும். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று தெரியும், நோயை அதனால் உறுதி செய்ய முடியாது.

15 இருந்தாலே இந்த நோய் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசிட் மேலே ஏறி வருவதாலும் கீழ்ப்பகுதியில் ஈசினோபில் சேரும். மேல்பகுதியிலும் நிறைய இருந்தால் என் சந்தேகம் இந்தப் பக்கம் சாயும். முடிவு சொல்வது பிள்ளையின் கதையையும் என் ஸ்லைடையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்.

வைகை வாசகி சொன்ன மூணு வார மாத்திரை, யானைக்கால் புழுவால் நுரையீரலில் வரும் ஈசினோபீலியாவுக்குக் கொடுப்பது. அதில் ரத்தத்தில் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறும். கும்பகோணம் யானைக்காலுக்குப் பெயர் போன ஊராக இருந்ததால் அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது உடனே ஞாபகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. குடலில் புழு இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்துவிடுவது மட்டும் நம் ஊரில் நியாயமான முன்யோசனை.

ஸ்காபரோ அம்மா எழுதியது:

நாங்கள் கனடாவில இருக்கிறம், ஊர் யாழ்ப்பாணம். என்ர மகனுக்கு இப்ப பதினஞ்சு வயது. சின்னனில பிட்டு இறங்காது, இடியப்பத்துக்குச் சொதி நிறைய ஊத்தினால் மட்டும் இறங்கும். எங்கட ஆக்கள் எல்லாரும் "அவனுக்குச் செல்லம் கூடிப்போச்சு" எண்டு சொன்னவை. கலியாண வீடுகளில கடைசியாச் சாப்பிட்டு முடிக்கிறது எப்பவும் அவன்தான். ஒன்பது வயதில ஒரு கோழித்துண்டு இறுகிக் கொண்டுது. தண்ணி குடிச்சாலும் வெளிய வந்திட்டுது, துப்பலைக்கூட விழுங்க ஏலாது. அவசரப் பிரிவில எண்டோஸ்கோபி செய்துதான் எடுத்தவை. அண்டைக்கு எடுத்த சதையிலதான் நோய் தெரிஞ்சது.

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு அவன் மூண்டு வயதில இருந்ததுதான் கண்ணுக்கு முன்னால வந்தது. வயதுக்கு வயது இது வேற முகம் காட்டும். குழந்தையளுக்குச் சாப்பாட்டை மறுக்கிறது, சத்தி (வாந்தி), நிறை கூடாமல் நிக்கிறது. பள்ளிக்கூடம் போற வயதில வயித்துக்குத்து. பிறகு பெடியனாய் வளர, சாப்பாடு இறுகிறது. மறுக்கிறதை விட்டிட்டுத் தாங்களாகவே சமாளிக்கப் பழகிவிடுவினம்: எல்லாத்தையும் சின்னதா வெட்டுறது, குழம்பில தோய்க்கிறது, நிறையத் தண்ணி, குளிசை (மாத்திரை) எண்டால் ஓட்டம். வெளியில பாக்கிற ஆக்களுக்கு நல்லாத்தான் சாப்பிடுறான் எண்டு தெரியும்.

பெடியளுக்குத்தான் இது கூடுதலா வாறது, கரப்பான், முட்டு (வீசிங்) உள்ள பிள்ளையளுக்கும் கூடுதலா. உங்கட பிள்ளைக்கு எல்லாம் இருக்கு. உங்கட டாக்டர் கெட்டிக்காரர், விட்டிடாதேங்கோ.

வைகை வாசகி எழுதியது:

டாக்டரம்மா விளக்கியதற்கு நன்றி. என் அக்கா பேரனும் இப்படித்தான் தண்ணியும் சோறுமாகச் சாப்பிடுகிறான், வயது ஆறு. வீசிங் உண்டு. நான் அவர்களை இதைப் படிக்கச் சொல்கிறேன். ஓமத் தண்ணி நல்லதுதான் என்பதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கும்பகோணம் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எண்டோஸ்கோபி ஆயிற்று. வீடியோவைக் காட்டினோம். எத்தனை துண்டு எடுப்பீர்கள் என்று நான் கேட்டபோது டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கே படித்தீர்கள்?" என்று சிரித்தார். கீழே மூன்று, நடுவில் மூன்று, இரைப்பையிலும் சிறுகுடலிலும் தனியாக. பையன் கண் விழித்ததும் கேட்டது சாப்பாடு இல்லை, கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று.

ரிப்போர்ட்: கீழே உச்ச எண்ணிக்கை 52, நடுவில் 38. இரைப்பை, சிறுகுடல் நார்மல். மலத்தில் புழு இல்லை. ஈ.ஓ.ஈ. (ஈசினோபிலிக் ஈசோபஜைட்டிஸின் சுருக்கம்) என்று டாக்டர் உறுதி செய்தார். மாமியார் ரிப்போர்ட்டை வாங்கி "கேன்சர் இல்லைன்னு எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டார். டாக்டர் பேனாவால் ஒரு வரியைச் சுற்றிக் காட்டினார், அப்புறம்தான் அவர் காபி குடித்தார்.

மூன்று வழி சொன்னார். ஆசிட் மருந்து முழு அளவில், அல்லது நெபுலைசருக்கு வாங்கும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கெட்டியாகக் கலந்து விழுங்க வைப்பது, அல்லது சாப்பாட்டில் காரணத்தை நிறுத்துவது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகை, மீன் வகை என்று வழக்கமாகச் சந்தேகப்படும் ஆறு பொருளையும் ஒன்றாக நிறுத்தவேண்டாம், எடை குறைந்த பிள்ளை, முதலில் பால் மட்டும் என்று முடிவு. சரி என்றோம். இப்போது வீட்டில் கேள்வி: பசும்பால் ஆகாது என்றால் ஆட்டுப்பால் கொடுக்கலாமே? நெய்யில் பால் எங்கே இருக்கிறது? மோர் குளிர்ச்சிதானே?

சிங்காநல்லூர் அப்பா எழுதியது:

52ஆ? பரவாயில்லைங்க, எண் கையில் வந்துவிட்டது. இனி அது குறைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

ஆட்டுப்பால், எருமைப்பால் இரண்டும் வேண்டாம். அந்தப் புரதங்கள் பசும்பாலோடு ஏறக்குறைய ஒன்றுதான், உடம்பு ஏமாறாது. தயிர், மோர், பனீர் எல்லாம் பால்தான். நெய்யைக் கடைந்து உருக்கி எடுத்தாலும் துளித் துளியாகப் புரதம் ஒட்டியிருக்கும், இந்த இரண்டு மூன்று மாதம் விட்டுவிடுங்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இருக்கிறது. இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால், அடை, முட்டை, மீன் எல்லாம் கொடுக்கலாம். நம் சமையலில் பாலை எடுத்துவிட்டாலும் சாப்பிட எவ்வளவோ இருக்கிறது, அது ஒரு வசதி. சிக்கல் கடைச் சாமானில்தான். ரஸ்க், பிஸ்கட், பிரெட், சாக்லேட், சத்துமாவுப் பவுடர், பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "பால் திடப்பொருள்" என்று இருக்கும். ஊரில் உள்ள பால் பானப் பவுடர் அத்தனையும் அடங்கும். கால்சியத்துக்கும் எடைக்கும் டயட்டீஷியனைப் பார்த்துவிடுங்கள், கேழ்வரகுக் கூழை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் மிட்டாய் வாங்கி வருவார்கள், அதற்கு மாமியாரைக் காவலுக்குப் போடுங்கள். என் அம்மா அந்த வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு ஈ உள்ளே நுழையவில்லை. கோவில் சர்க்கரைப் பொங்கலைக்கூட முந்தானையில் முடிந்து எடுத்துப்போய்விடுவார்.

பிள்ளை அதக்குவது நின்றுவிட்டது, வாந்தி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து உள்ளே சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் அடுத்த எண்டோஸ்கோபியில் 20க்கு மேல் இருந்தது, அதன் பிறகுதான் மருந்தும் சேர்த்தார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சதை எடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், மயக்க மருந்து டாக்டர் கிடைக்கமாட்டார்.